பாட்டுக் கட்டும் பெண்கள்: செட்டிநாட்டு நாட்டுப்புறப் பாடகியின் வாழ்வும் தொழிலும்

செட்டிநாட்டுக் கிராமங்களில் நன்றாகப் பாடும் பெண்ணைப் பற்றிப் பேசும்போது "அவளுக்குப் பாட்டு வரும்" என்பார்கள். "பாட்டுத் தெரியும்" என்று சொல்வது குறைவு. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில்தான் இந்தக் கலையின் சூட்சுமம் இருக்கிறது. நூறு பாட்டை மனப்பாடமாக வைத்திருப்பவர் உண்டு. நிற்கும் இடத்தையும் எதிரே இருப்பவரின் ஊர், உறவு, பெயரையும் வைத்து அந்த நிமிடமே அடி கட்டுகிறவரும் உண்டு. ஊர் மதிப்பது இரண்டாமவரைத்தான். பாடகியின் தொழில் வாழ்க்கை முழுவதும் இந்தக் கட்டும் திறனைச் சுற்றியே நடக்கிறது. வயலிலும் வீட்டிலும் அது வளர்கிறது. கோயிலில் ஊரறிய நிற்கிறது. வானொலிக்கும் மேடைக்கும் போகும்போது பெயரும் பணமும் வருகின்றன, கட்டும் இடம் சுருங்குகிறது.

கட்டுவது என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். பெரும்பாலான கும்மிப் பாட்டுக்கும் தாலாட்டுக்கும் அடிக்கு நான்கு சீர், அதாவது நான்கு சொற்கட்டு. முதல் சீரும் மூன்றாம் சீரும் முதலெழுத்து ஒத்துவரும் மோனையால் பிணைந்திருக்கும். விளக்கத்துக்காக இங்கே கட்டிய இரண்டு அடிகள்:

காரைக்குடிச் சந்தையிலே கண்டாங்கிச் சேலைவாங்கி
கண்டனூரு போனமாமன் கண்ணசரும் நேரம்வந்தான்

பாடுகிற இடம் தேவகோட்டைப் பக்கம் என்றால் இதே அடிகள் இப்படி மாறும்:

தேவகோட்டைச் சந்தையிலே தேன்நெறத்துச் சேலைவாங்கி
தெக்கூரு போனமாமன் தேருநிக்கும் நேரம்வந்தான்

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். "சந்தையிலே", "சேலைவாங்கி", "போனமாமன்", "நேரம்வந்தான்" என்ற நான்கும் அசையவில்லை. முதல் சீர், மூன்றாம் சீர் மட்டுமே மாறியிருக்கின்றன. பாடகியின் மனதில் இருப்பது முழுப் பாட்டு அல்ல. இரண்டாம் சீருக்கும் நான்காம் சீருக்கும் பொருந்தும் தயார்ச் சொற்கள் ஒரு பக்கம், எழுத்துவாரியாக ஊர்ப் பெயர்களும் பூப் பெயர்களும் உறவுப் பெயர்களும் மறுபக்கம். பாடும்போது மூன்றாம் சீரை யோசிக்க அவருக்குக் கிடைப்பது இரண்டாம் சீர் நீளும் நேரம் மட்டுமே. அதனால்தான் இரண்டாம் சீரின் கடைசி உயிரை இழுத்துப் பாடுகிறார்கள். கேட்பவருக்கு அது இனிமை, பாடுபவருக்கு அது மூச்சும் யோசனையும்.

தாலாட்டில் "யார் அடித்து நீ அழுதாய்" என்று கேட்கும் பகுதியைத் தமிழர் அனைவரும் கேட்டிருப்பார்கள். அத்தை என்றால் அல்லி, மாமன் என்றால் மல்லிகை என்று உறவுக்கு ஒரு பூ ஒட்டிக்கொள்கிறதே, அதுவும் இதே மோனை வேலைதான். புதிதாகப் பாடத் தொடங்கும் சிறுமி முதலில் பிடித்துக்கொள்வது இந்தப் பகுதியைத்தான். எந்த உறவு விடுபட்டாலும் அவளே ஒரு பூவைத் தேடிப் போட முடியும்.

பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. பத்து வயதுக்குள் கும்மி வட்டத்தில் பின்பாட்டுக்கு நிற்பதில் அது தொடங்குகிறது. முன்பாட்டுக்காரர் ஓர் அடி விட, வட்டம் அதை அப்படியே திருப்பிப் பாடும். திருப்பிப் பாடும் அந்தச் சில விநாடியில் முன்பாட்டுக்காரர் அடுத்த அடியைக் கட்டி முடித்திருப்பார். பல ஆண்டுகள் பின்பாட்டில் நின்ற பெண்ணுக்கு, அடுத்த அடி எந்த எழுத்தில் தொடங்கும் என்பது முன்கூட்டியே தெரிய ஆரம்பிக்கும். ஒருநாள் முன்பாட்டுக்காரருக்குச் சொல் தட்டும்போது இவள் எடுத்துக் கொடுப்பாள். அதுதான் அரங்கேற்றம். பாட்டு நோட்டில் எழுதிப் படித்தவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். எழுதிய அடி நினைவுக்கு வராதபோது அவர்களால் வேறு அடி கட்ட முடிவதில்லை, பாட்டு நின்றுவிடும்.

செட்டிநாட்டுத் தாலாட்டுக்கு ஒரு தனி முகம் உண்டு. இங்குள்ள வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டு ஆண்கள் பர்மா, இலங்கை, மலாயா என்று வணிகத்துக்காகக் கொண்டுவிற்கப் போனார்கள். முதலாளிக்காகப் போகும் ஏஜெண்டுக்கு வழக்கமான கணக்கு 3 ஆண்டு. பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடக்கும்வரை அப்பச்சி (தகப்பன்) ஊரில் இல்லாத வீடுகள் அநேகம். எனவே தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடிய ஆத்தாவும் ஆயாவும் அப்பத்தாவும் குழந்தைக்கு ஓர் உலகப்படத்தையே பாட்டில் வைத்தார்கள்: கப்பல், ரங்கூன், பினாங்கு, பெட்டகம், வெள்ளிப் பாத்திரம், அம்மான் (தாய்மாமன்) கொண்டுவரும் சீர்வரிசை. பாட்டில் அம்மான் வரும் அளவுக்கு அப்பச்சி வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குழந்தைக்குச் சீர்வரிசை செய்யும் கடமை அம்மானுடையது, பாடுவதோ அவனுடைய அக்காளோ தங்கையோதான். தன் உடன்பிறந்தானுக்கு நினைவூட்டல் அனுப்ப அவளுக்கு இதைவிட நாகரிகமான வழி கிடையாது.

தாலாட்டின் வேகத்தைத் தீர்மானிப்பது தூளி. உத்தரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தொங்கும் சேலைத் தூளி ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய இரண்டரை விநாடி ஆகும். ஒரு போக்குக்கு ஒரு சீர், வரத்துக்கு ஒரு சீர் என்று வைத்தால் நான்கு சீர் அடி ஐந்து விநாடியில் முடியும். தூளியை உயர்த்திக் கட்டித் தொங்கும் நீளம் முக்கால் மீட்டராகக் குறைந்தால் ஆட்டம் ஒன்றேமுக்கால் விநாடிக்கு வந்துவிடும், பாட்டும் அவசரப்படும். ஒலிப்பதிவுக் கூடத்தில் கையில் தூளிக் கயிறு இல்லாமல் பாடும்போது தாலாட்டு ஒன்று இழுபடுகிறது, இல்லையென்றால் ஓடுகிறது. குரலில் குறை இல்லை, தாளம் போடும் கைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

ஒப்பாரியைப் பற்றிப் பேசும்போது சாதியை விட்டுவிட்டுப் பேசினால் அது பாதிப் பேச்சு. ஆச்சிமார், அதாவது நகரத்தார் வீட்டுப் பெண்கள், தாங்களே ஒப்பாரி சொன்னார்கள். நீளமும் சொல்வளமும் கொண்ட ஒப்பாரி நகரத்தார் வீடுகளில் பெண்களின் தேர்ச்சியாகவே கருதப்பட்டது. அதே வீட்டு வாசலில் தப்படிக்கவும் மாரடித்து அழவும் அழைக்கப்பட்டவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். வளவுக்குள் (வீட்டுக்குள்) அழுதவருக்கு அது துக்கம், வெளியே அழுதவருக்கு அது கூலி வேலை, சில இடங்களில் மறுக்க முடியாத ஊர்க் கடமை. இன்று மேடையில் "கிராமியக் கலை" என்று கைதட்டப்படும் பல மெட்டுகள் அந்த வாசலில் உருவானவை. அந்தக் குடும்பங்களில் சிலர் தப்பையும் ஒப்பாரியையும் விட்டு விலகியதற்கு இழிவுதான் காரணம். "கலை அழிகிறது" என்று வருந்துகிறவர்கள் அந்த விலகலின் நியாயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வயலுக்கு வருவோம். தமிழகத்தில் வயல்பாட்டு என்றாலே நடவுப் பாட்டு என்று நினைப்பது தஞ்சைப் பழக்கம். சிவகங்கைச் சீமை வானம் பார்த்த பூமி, கண்மாயை நம்பிய பூமி. இங்கே புழுதியில் நேரடியாக நெல் விதைப்பது பரவலான வழக்கம். ஆவணி, புரட்டாசியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். நாற்று நடாத வயலில் நெல்லோடு களையும் சேர்ந்து முளைக்கும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் பெண்கள் கூட்டமாக இறங்கும் வேலை களையெடுப்பு, பாட்டு விளைந்ததும் அங்கேதான். குனிந்த உடம்பில் வயிறு மடங்கியிருப்பதால் நீண்ட மூச்சு கிடைக்காது. களைப் பாட்டில் அடி குறுகியும், "ஏலேலோ", "தன்னானே" போன்ற இடைச்சொல் மிகுந்தும் இருப்பதற்கு இதுவே காரணம். ஒருவர் பாட, மற்றவர்கள் இடைச்சொல்லை ஏற்று நிரப்ப, மூச்சு எல்லோருக்கும் பங்காகிறது. களைக்கொல்லி மருந்து வந்தபிறகு களைக்கு இறங்கும் கூட்டம் குறைந்தது. பாட்டு மறந்துபோனதற்குத் தொலைக்காட்சியை மட்டும் குறை சொல்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

ஒரு பாடகி ஊரறிந்தவராவது முளைப்பாரியில். அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியதும் ஓலைக் கொட்டானிலோ அடி உடைத்த பானையிலோ வைக்கோல், காய்ந்த சாணத்தூள், கண்மாய் மண் என்று அடுக்கி, ஊறவைத்த பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, சோளம், கம்பு முதலியவற்றைத் தூவுவார்கள். வெயில் படாத வீட்டில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். இருட்டில் வளர்வதால் பயிர் வெளிறி, நெட்டையாக எழும். 8 முதல் 10 நாள் வரை ஒவ்வோர் இரவும் அந்த வீட்டு வாசலில் கும்மி. முதல்நாள் விதை கேட்டுப் போகும் பாட்டு, பிறகு விதைத்த பாட்டு, ஓரிலை விட்டது, ஈரிலை விட்டது என்று எண்ணிக்கொண்டே போகும் பாட்டு, கடைசியில் ஊருணிக்குக் கொண்டுபோய்க் கரைக்கும்போது பிரிவுப் பாட்டு. பயிர் அழுகினால் ஊருக்கு ஆகாது என்ற அச்சம் இருப்பதால் பாடுகிறவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர் வடிய வழி இல்லாததுதான். அடியை உடைத்து வைக்கோல் போடுவது அதற்காகவே.

கும்மியில் முன்பாட்டுக்காரர் செய்யக்கூடிய பெரிய தவறு சுருதியை உயர்த்தி எடுப்பது. கும்மி மெல்லத் தொடங்கி வேகம் கூடும். வேகம் கூடும்போது கூட்டத்தின் குரல் தானாகவே மேலே ஏறும். தொடக்கமே உச்சத்தில் இருந்தால் கால் மணி நேரத்தில் பின்பாட்டு கத்தலாகிவிடும், வயதான பெண்கள் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் தட்டுவார்கள். அனுபவசாலிகள் தங்களுக்கு வசதியான சுருதிக்கு ஒரு படி கீழேயே எடுப்பார்கள். இன்னொன்று, முன்பாட்டுக்காரர் நிற்கும் இடம். மேளத்துக்குப் பக்கத்தில் நின்றால் தன் குரல் தனக்கே கேட்காது. கேட்காதபோது தொண்டையை இறுக்குவார். மேளத்துக்கு எதிர்ப்புறம் நிற்பதே சரி.

இந்த வட்டத்தைத் தாண்டி வெளியுலகுக்குப் போன முதல் வழி வானொலி. திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. மதுரை நிலையம் வந்தது 1987இல்தான். இடைப்பட்ட காலத்தில் சிவகங்கைப் பக்கத்துக் குரல்களுக்கு அருகில் இருந்த நிலையம் திருச்சி. வானொலி பாடகிக்கு முதன்முதலாகக் கொடுத்தது பெயர். அதுவரை "இன்னார் மகள்", "இன்னார் பெண்டாட்டி" என்று அறியப்பட்டவரை ஊர்ப் பெயரோடு சேர்த்து அறிவித்தார்கள். பதிலுக்கு எடுத்துக்கொண்டது நேரத்தை. இரவு முழுக்க நீளும் பாட்டு 5 நிமிடத்துக்குள் நிற்க வேண்டும். எங்கே வெட்டுவது என்று பாடகியே முன்கூட்டி முடிவு செய்யவேண்டி வந்தது. கட்டிப் பாடும் பாட்டு அங்கே பிரதி ஆயிற்று: ஒத்திகையில் பாடிய அடிகளே பதிவிலும் வரவேண்டும்.

கொல்லங்குடி கருப்பாயி அந்த வழியில் போனவர். சிவகங்கைக்கும் காளையார்கோவிலுக்கும் இடையில், வெட்டுடையார் காளியம்மன் கோயிலால் பெயர்பெற்ற ஊர் கொல்லங்குடி. செட்டிநாட்டின் தெற்கு விளிம்பு என்று சொல்லலாம். வயல்காட்டுப் பாட்டோடு வானொலிக்குப் போன அவரைத் தமிழ்நாடு முழுவதும் தெரிந்துகொண்டது 1985இல் பாண்டியராஜன் இயக்கிய "ஆண்பாவம்" படத்தில் பாட்டியாக நடித்துப் பாடியபோது. அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. கலைமாமணி விருது பெற்றார். 2025 ஜூனில் 99 வயதில் மறைந்தார். இந்த ஆயுள் கணக்கில் ஒரு பாடம் இருக்கிறது. திரை இசையில் குரல் ஓயும் வயது என்று கருதப்படும் காலத்தில் நாட்டுப்புறப் பாடகியின் பொதுவாழ்க்கை தொடங்கலாம். ஏனென்றால் இங்கே மதிக்கப்படுவது குரலின் பளபளப்பு அல்ல, பல பத்தாண்டு பாடிப் பழுத்த சொல்.

மேடைக் குழு வேறு கணக்கு. இன்று ஒரு கிராமியக் குழு என்றால் பாடகர் 2 அல்லது 3 பேர், தவில், பம்பை, உறுமி, தப்பு, ஒரு கீபோர்டு, மின்தாளம் போடும் ஒரு பேட், ஆடுகிறவர்கள், ஒரு வேன். பங்குனி முதல் ஆடி வரை திருவிழாக் காலம், அந்த மாதங்களில் ஓடித்தான் ஆண்டுச் செலவைச் சரிக்கட்ட வேண்டும். அச்சாரம் வாங்கும்போதே பேசி முடிக்கவேண்டியவை சில உண்டு: மொத்தத் தொகை, வண்டிச் சத்தம் (வாடகை) யார் பொறுப்பு, மைக்செட் யாருடையது, எத்தனை மணிக்கு மேடை ஏறுவது. கடைசியில் சொன்னதுதான் அதிகம் சண்டையாகிறது. சாமி புறப்பாடு, பாராட்டு, பரிவட்டம் எல்லாம் முடிந்து 9 மணிக்கு மேடை கிடைத்தால், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு உள்ள தடையால் ஒரு மணி நேரமே மிஞ்சும். அந்த ஒரு மணியில் விழாக் கமிட்டி சினிமாப் பாட்டுக் கேட்கும். பாட்டுக் கட்ட அவகாசம் ஏது?

கருவிகளும் காலமும் பாடகியின் சுருதியை இழுக்கும். தோல் கட்டிய தப்பைப் பனியிலும் மழையிலும் நெருப்பில் காய்ச்சினால்தான் விறைப்பு வரும். ஆற ஆற நாதம் இறங்கும். கீபோர்டோ இறங்காது. இரண்டுக்கும் நடுவில் பாடகி எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தவிப்பார், கேட்பவர்கள் அவருக்குச் சுருதி சேரவில்லை என்பார்கள். பிளாஸ்டிக் தோல் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கூர்மையான அந்த ஓசை சொல்லின் மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும். மைக்கை வாயிலிருந்து நான்கு விரற்கடைக்குக் குறையாமல் வைக்க வேண்டும். மைக்செட்காரர் ஏற்றி வைத்திருக்கும் எக்கோவை முதல் பாட்டுக்கு முன்பே குறைக்கச் சொல்ல வேண்டும். சொல்லால் வாழும் பாட்டில் சொல் கேட்காவிட்டால் மிஞ்சுவது மேளம் மட்டும்.

குரல் உடம்பின் ஒரு பகுதி. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களின் குரல் சற்றே தடித்து இறங்குவது இயல்பு. இளமையில் பாடிய சுருதியையே பிடிவாதமாகப் பிடித்தால் தொண்டை கட்டும், நாளடைவில் குரல்நாணில் முடிச்சு விழும். அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடும் பழக்கம் பாடகிகளிடம் உண்டு. "தொண்டைக்கு இதம்" என்பார்கள். புகையிலை தொண்டையை வறளச் செய்யும், வாய்ப்புற்றுக்கும் வழி. பாடுகிறவர்களுக்குத் தண்ணீரே போதும்.

அரசு வழியில் கிடைப்பவை: 2007இல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம், கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அளவிலான விருதுகள், நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகை. மாவட்ட விருதுகள் வயதுவாரியானவை: 18க்குள் கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. விண்ணப்பத்தில் பெரும்பாலும் சிக்குவது வயதுச் சான்றும் கலை நிகழ்த்தியதற்கான ஆதாரமும். நாற்பது ஆண்டு முளைப்பாரியில் முன்பாட்டுப் பாடியவரிடம் அழைப்பிதழோ புகைப்படமோ இருக்காது. ஆணின் பெயரில் குழு இருந்தால் நோட்டீஸில் அவர் பெயர் மட்டுமே அச்சாகியிருக்கும். ஒவ்வொரு திருவிழா நோட்டீஸிலும் தன் பெயரை அச்சிடச் சொல்லி, ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துவதுதான் பிற்காலத்துக்கான சேமிப்பு.

பதிவு உரிமை இன்னொன்று. மரபுப் பாட்டின் சொற்கள் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதை ஒருவர் பாடியது அவருக்குச் சொந்தம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துவோர் உரிமையை 50 ஆண்டு பாதுகாக்கிறது. 2012 திருத்தம் வணிகப் பயன்பாட்டில் உரிமைத்தொகைக்கும் இடம் தந்தது. யூடியூப் சேனலுக்கோ பட நிறுவனத்துக்கோ பாடும்போது எந்தப் பாட்டு, எதற்குப் பயன்படும், எவ்வளவு தொகை, திரையில் பெயர் வருமா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு படியைப் பாடகி வைத்துக்கொள்ள வேண்டும். "பழம்பாடல்" என்ற ஒற்றைச் சொல்லில் பாடியவர் பெயர் காணாமல் போவது இந்தத் தாள் இல்லாததால்தான்.

பாட்டைத் திரட்டப் போகிறவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். ஒரே பாட்டை ஒரே பாடகியிடம் சில நாள் இடைவெளியில் இரண்டுமுறை பதிவு செய்யுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் எது அசையாத சீர், எது மாறும் சீர் என்பது துலங்கும். கட்டும் முறை அப்படித்தான் பிடிபடும். ஒருமுறை பதிந்தால் கிடைப்பது ஒரு பாட்டு மட்டுமே. கும்மிப் பாட்டுக்குக் குறைந்தது நான்கு பின்பாட்டுக்காரர்களாவது இருக்க வேண்டும், தனியாகப் பாடச் சொன்னால் அடுத்த அடி யோசிக்க அவருக்கு இடமே இல்லாமல் போகும். கைபேசியை மடியில் வைக்காமல் ஒரு கை தூரத்தில், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். "வாரோம்", "கெழக்க", "நெறத்து" என்று பாடியதை அப்படியே எழுதுங்கள். திருத்தி எழுதினால் மோனையே உடைந்துபோகும். யார், எந்த ஊர், யாரிடம் கேட்டது, எந்தச் சமயத்தில் பாடுவது என்ற விவரத்தைப் பாட்டுக்கு முன்பே அவர் குரலிலேயே பதிந்துவிடுங்கள்.

ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுப்பது ஆகாது என்பதைப் பாடகிகள் உறுதியாக நம்புகிறார்கள். கட்டாயப்படுத்தினால் இரண்டு அடியில் "மறந்துபோச்சு" என்று நிறுத்திவிடுவார்கள். ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையிலோ மரத்தடியிலோ உட்கார்ந்தால் பாடுவார்கள். அழுகை நிஜமாகவே வந்துவிடும், அப்போது பதிவை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். மேற்கொண்டு பாடுவதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.